சத்தம் இல்லாத கராத்தே

மகளைக் கராத்தே வகுப்பில் விட்டுவிட்டு வெளியே காத்துக் கிடப்பதும் ஒரு உத்தியோகம்தான், சம்பளம் மட்டும் கிடையாது. விருதுநகரில் ஒரு செல்போன் கடைக்கு மேலே மாடி. படியெல்லாம் செருப்பு. உள்ளே ரப்பர் பாய் விரித்து, சுவர் நெடுகக் கண்ணாடி பதித்து, ஏசி போட்டிருக்கிறார்கள். அந்த ரப்பர் வாடையும் பிள்ளைகளின் வியர்வையும் கலந்து கதவிடுக்கில் வரும். வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் என்னைப் போன்ற அம்மாக்கள், ஆளுக்கொரு போனோடு.

போன வாரம் நான் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். நோன்பு நேரம், வயதும் ஆகிறது. திடீரென்று உள்ளே பிள்ளைகள் எல்லாம் ஒரே குரலில் கத்தின. அடுத்து நான் சுதாரித்தபோது பாதிப் படி இறங்கியிருந்தேன், ஒரு காலில் மட்டும் செருப்பு. அதுவும் வேறு யாருடையதோ. மேலே திரும்பி வந்தால் ஒரு அம்மாகூடப் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அசடு வழிய உட்கார்ந்துகொண்டேன். கராத்தே என்றால் கத்தத்தானே செய்வார்கள், இதற்கு ஏன் ஓடினாய் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு ஆமத்தூருக்குப் போக வேண்டும்.

அது இரண்டாயிரத்துச் சொச்சமாவது வருஷம். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அத்தாவுக்கு மிளகாய் வத்தல் கமிஷன் வியாபாரம். எங்கள் வீட்டுக்குள் நுழைகிற எவரும் முதலில் தும்முவார்கள், பிறகுதான் சலாம் சொல்வார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் தும்மிக்கொண்டேதான் பார்த்தார்கள், தும்மிக்கொண்டேதான் வேண்டாம் என்று போனார்கள். சும்மா இருப்பதற்கு எங்காவது போகட்டும் என்று அத்தா விட்டதால், மகளிர் குழுக்கள் நடத்தும் ஒரு சின்ன டிரஸ்ட்டில் சேர்ந்தேன். ஆமத்தூர்ப் பக்கம் எனக்கு ஒதுக்கினார்கள். சிவகாசி பஸ்ஸில் போய் இறங்கி, குழுக் கூட்டம் நடத்தி, டீ குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். பாடம் எதுவும் நடத்தாமலே எனக்கு டீச்சர் என்று பெயர் வந்தது இப்படித்தான்.

அந்த வருஷம் பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி கொடுக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. அத்தாவிடம் சொன்னேன். "இதுக்கு எதுக்குடி கராத்தே? ஆளுக்கு ஒரு பிடி வத்தப் பொடி குடுத்து விடு, போதும்" என்றார். இன்றைக்கு யோசித்தால் அவர் சொன்னதே நல்ல திட்டம் என்று தோன்றுகிறது.

மாஸ்டராக வந்தவன் சிவகாசி அச்சகம் ஒன்றில் பேப்பர் கட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். என் வயதுதான் இருக்கும். ஒல்லிப்பிச்சான். கறுப்பு பெல்ட் துவைத்துத் துவைத்துச் சாம்பல் நிறமாகியிருந்தது. எதிரே நிற்பவர்கள் எல்லாம் அக்காக்களும் அத்தைகளும். அவர்களைத் தொட்டுச் சொல்லித்தரக் கூச்சப்பட்டு, எல்லாவற்றுக்கும் என்னைக் கூப்பிட்டான். "டீச்சர், என்னைத் தள்ளுங்க. நல்லாத் தள்ளுங்க." நான் இரண்டு கையாலும் தள்ளினேன். அவன் லேசாக விலகினான். நான் போன வேகத்தில் சமுதாயக் கூடத்துச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டேன். பெண்கள் சிரித்த சிரிப்பில் அன்றைக்கே வகுப்பு களைகட்டிவிட்டது. துப்பட்டாவில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டு நானும் சிரித்தேன்.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் பூட்டிக் கிடந்த நாட்கள் அவை. பெண்களுக்கு ஓய்வு இருந்தது. ஆண்களுக்கும் இருந்தது, அதுதான் சிக்கல். வேலையில்லாத ஆண் வீட்டில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதைக் குழுக் கூட்டத்துக்கு வருகிறவர்களின் முகத்திலும் கழுத்திலும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். கதவில் இடித்துக்கொண்டேன், தண்ணீர்க் குடம் வழுக்கிவிட்டது என்பார்கள். அந்த ஊரில் குடங்கள் ரொம்பத்தான் வழுக்கின.

குழுவில் காளீஸ்வரி மட்டும் எதையும் மறைக்க மாட்டாள். "அவுக தள்ளி விட்டாக டீச்சர்" என்று, மழை பெய்ததைச் சொல்வது போலச் சொல்வாள். அவள் சரவெடி பின்னுகிறவள். சின்னச் சின்ன வெடிகளைத் திரியோடு சேர்த்துச் சடை போலப் பின்னிக்கொண்டே போகிற வேலை. எத்தனை பின்னுகிறாளோ அத்தனைக்குத்தான் கூலி. பேசிக்கொண்டிருக்கும்போதும் அவள் விரல்கள் முந்தானை நுனியைப் பின்னிப் பின்னி அவிழ்க்கும். வீட்டுக்காரர் லோடுமேன். நல்ல நாளில் நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்வார்கள். நல்ல நாள் எப்போது வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

வகுப்பில் மாஸ்டர் குத்துத் தடுப்பைச் சொல்லிக்கொடுத்தான். குத்து மேலே வந்தால் முன்கையைக் குறுக்கே தூக்கு, வயிற்றுக்கு வந்தால் கீழே தட்டு, தள்ள வந்தால் மணிக்கட்டைப் பிடித்துத் திருகு. எல்லாரும் செய்தார்கள். காளீஸ்வரி மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"செய்யுங்கக்கா" என்றான் மாஸ்டர்.

"கையைக் குடுக்க மாட்டேன் மாஸ்டர். முதுகுல அடிச்சா அடிச்சிட்டுப் போட்டும். கையில பட்டுச்சுன்னா கம்பெனி திறக்கையில என்னத்தப் பின்னுவேன்? கையைக் குடுக்காமத் தப்பிக்க வழி இருந்தாச் சொல்லுங்க."

மாஸ்டர் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அவன் கற்றிருந்த தடுப்பெல்லாம் கையிலிருந்துதான் தொடங்கின. "அடுத்த வாரம் சொல்றேன்க்கா" என்று வகுப்பை முடித்துவிட்டான். பஸ் நிறுத்தத்தில் என்னோடு நின்றபோது, காற்றில் குத்துவிட்டு விலகி, குத்துவிட்டு விலகிப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆட்கள் எங்கள் இருவரையும் ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் வந்து சொன்னான். "ஒதுங்கணும்கா. அடிக்க வர்ற நேர்கோட்டுல நிக்கக் கூடாது, பக்கவாட்டுல ஒரு அடி. அம்புட்டுத்தான். ஒதுங்குற அதே நேரம் வயித்துலருந்து கத்தணும். திடீர்னு கத்துனா எவனுக்கும் ஒரு நிமிசம் கை நின்னுரும்."

கத்துவது என்றதும் பெண்கள் தயங்கினார்கள். பட்டாசு அறைக்குள் யாரும் குரலை உயர்த்திப் பேசுவதில்லை, ஓடுவதில்லை, எதையும் தரையில் இழுப்பதில்லை. அங்கே கத்தினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், தீப்பிடித்துவிட்டது. "அது அங்கன, இது சமுதாயக் கூடம்தான" என்று நான்தான் தைரியம் சொன்னேன். டீச்சர் அல்லவா. மாஸ்டர் கையைத் தட்டினான். எல்லாரும் ஒரு அடி ஒதுங்கி, ஒரே மூச்சில் கத்தினார்கள். எனக்கே உடம்பு சிலிர்த்துவிட்டது.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு வெளியே காலடிச் சத்தம். கூடத்துக் கதவு படாரென்று திறந்தது. ஊரே நின்றது. மாவு வழியும் கையோடு ஒருத்தி, சைக்கிளை எங்கேயோ போட்டுவிட்டு வந்த ஒருவர், பிள்ளையை இடுப்பில் தூக்கியபடி ஒருத்தி. கம்பெனி எல்லாம் பூட்டிக் கிடக்கிறது என்பது யாருக்கும் நினைவில்லை. காலுக்கு நாள் கிழமை தெரியாது. கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு முதல் ஆளாக உள்ளே விழுந்தவர் காளீஸ்வரியின் வீட்டுக்காரர். பாதி முகம் சவரம் செய்திருந்தது, மீதிப் பாதியில் சோப்பு நுரை. "காளி! காளி எங்கன?" என்று கத்தினார். அவள் முன்வரிசையில்தான் நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் அவர் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார்.

அப்புறம் வசவு. "ஏடி, நெஞ்சு நின்னு போச்சேடி, இதென்னடி வெளையாட்டு" என்று வந்தவர்கள் அழுதுகொண்டே திட்டினார்கள். ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து, கராத்தே வேண்டுமானால் நடக்கட்டும், சத்தம் மட்டும் கூடாது என்று முடிவு சொன்னார்கள். அதன் பிறகு ஆமத்தூரில் நடந்தது சத்தம் இல்லாத கராத்தே. பெண்கள் ஒதுங்கி, வாயை மட்டும் ஆவென்று திறந்து மூடுவார்கள். மாஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்பான். மீன் தொட்டி பார்த்திருக்கிறீர்களா, அப்படித்தான்.

காளீஸ்வரி மட்டும் அந்த ஓட்டத்தை மறக்கவில்லை. "பாத்தீகளா டீச்சர், என் பேரச் சொல்லித்தான் ஓடியாந்தாக" என்று அடுத்த கூட்டத்தில் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த மனிதர் திருந்திவிடுவார் என்று நானும் நம்பினேன். கல்யாணமாகாத பெண் வேறு எதை நம்புவாள்?

கொஞ்ச நாளில் அவர் மறுபடி கையை ஓங்கினார். காளீஸ்வரி வாசலுக்கு வந்து, வகுப்பில் கற்ற அதே குரலில் கத்தினாள். தெரு முழுக்க வெளியே ஓடி வந்தது. வந்து பார்த்தால் கம்பெனிப் பக்கம் புகை இல்லை, ஓங்கிய கையோடு இவர்தான் நிற்கிறார். அத்தனை கண்ணுக்கும் முன்னால் அந்தக் கை மெல்ல இறங்கி, தலையைச் சொறிந்துகொண்டு போனதாம். இதை அவள் கூட்டத்தில் நடித்துக் காட்டினாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. டிரஸ்ட் அலுவலகத்தில் நானும் இதைப் பெருமையாகச் சொன்னேன். மாஸ்டரிடம் சொன்னபோது, அன்றைக்கு டீக்குக் காசை அவனே கொடுத்தான்.

அடுத்த தடவையும் தெரு வந்தது. அதற்கடுத்த தடவை பாதித் தெரு வந்தது. பிறகு வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தார்கள். கம்பெனி திறந்து வேலை சூடுபிடித்துவிட்டது, எல்லாருக்கும் உடம்பு வலி. பகல் முழுக்க வெடிமருந்துக்குள் கிடந்து வந்தவர்கள் எத்தனை முறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள்? "ஏலே, அது காளி வீட்டுச் சத்தம்லே, உக்காந்து சாப்பிடு" என்று ஒரு வீட்டில் சொன்னதை நானே என் காதால் கேட்டேன். யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள், அலறல் மட்டும் புளிக்காமல் இருக்குமா.

ஒரு கூட்டத்துக்குக் காளீஸ்வரி கடைசியாக வந்து, கடைசியில் உட்கார்ந்தாள். வலது கையில் துணி சுற்றியிருந்தது. முந்தானை நுனி சும்மா கிடந்தது.

"கத்துனியா?" என்றேன்.

"கத்துனேன் டீச்சர். ஒருத்தரும் வரல. எதுத்த வீட்டுல டிவி சத்தத்தக் கூட்டி வச்சாக."

"ஒதுங்கலையா?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். கோபமே இல்லாத சிரிப்பு. "ஒதுங்க எடம் வேணும்ல டீச்சர்? ஒங்க கூடம் பெருசு. எங்க வீட்டுல ஒரு அடி ஒதுங்குனா அங்கிட்டுச் சொவரு, இங்கிட்டு அடுப்பு. வேற வழியில்லாம மாஸ்டர் சொன்ன மாதிரிக் கையத்தான் குறுக்க தூக்குனேன்."

கட்டை விரலும் பக்கத்து விரலும். எலும்பு கூடியது, ஆனால் வளையவில்லை. சரம் பின்னுகிற விரல் வளையாவிட்டால் அது விரலே இல்லை. அவளைப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற வேலைக்கு மாற்றினார்கள், பாதிக் கூலி. நாங்கள் சிலர் அந்த மனிதரிடம் பேசப் போனோம். அவர் அழுதார். அன்றைக்கு ஓடி வந்தபோது அழுத அதே அழுகைதான், அதில் பொய் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்கு அலுத்துப்போனது. முழுக் கெட்டவனாக இருந்துவிட்டால் எவ்வளவு சுலபம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷத்தோடு பயிற்சிக்கான பணம் நின்றது. மாஸ்டர் அச்சக வேலைக்கே போய்விட்டான். எனக்கும் தும்மாத ஒரு மாப்பிள்ளை அமைந்துவிட்டார். கல்யாணத்துக்குச் சொல்லப் போனபோது காளீஸ்வரி ஆமத்தூரில் இல்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அச்சங்குளத்தில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாளாம். விடாமல் அங்கேயும் தேடிப் போனேன். வாசலில் உட்கார்ந்து மற்ற விரல்களால் மெதுவாகப் பூக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒதுங்கணும்னா இம்புட்டுத் தூரம் வரணும் போலருக்கு டீச்சர்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மொத நாள் சோப்பு மூஞ்சியோட ஓடியாந்தாகளே, அத நம்பித்தான் டீச்சர் அம்புட்டு நாளும் இருந்தேன்" என்றாள். கட்டிய பூவில் ஒரு முழம் கிள்ளி என் கையில் கொடுத்தாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

இப்போது ஆமத்தூர் வழியாகப் பஸ்ஸில் போனால் அந்தச் சமுதாயக் கூடம் இருந்த இடத்தில் வேறு ஏதோ கட்டியிருக்கிறார்கள். டிரஸ்ட்டின் போர்டும் இல்லை. தூரத்தில் வெடிச் சத்தம் கேட்டால் பஸ்ஸில் இருக்கிறவர்கள் போனை எடுத்து எந்தக் கம்பெனி என்று பார்க்கிறார்கள். நானும்தான் பார்க்கிறேன். கத்துகிற குரல் கேட்டதும் பேரைச் சொல்லி அழைத்துக்கொண்டு ஓடி வருகிற கால்களை நான் அப்புறம் எங்கும் பார்க்கவில்லை. அந்தக் கால்களும் ஒரு ஊருக்குள், கொஞ்ச நாளைக்குத்தான் ஓடின.

போன வாரம் அந்த வகுப்பு முடிந்து மகள் வந்தாள். முகமெல்லாம் வேர்வை. "நான் கத்துனது வெளிய கேட்டுச்சாம்மா?" என்றாள்.

"கேட்டுச்சு" என்றேன்.

"எல்லாருக்குமா?"

சுற்றிலும் பார்த்தேன். அம்மாக்கள் ஒவ்வொருவராகப் போனை மூடிக்கொண்டு எழுந்துகொண்டிருந்தார்கள். எனக்குக் கேட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு, குனிந்து என் செருப்பைத் தேடத் தொடங்கினேன்.