ஆனா அண்ணனும் கறுப்பு போர்டும்

கடைவீதியின் நடுவில், முடிவெட்டும் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் இடையில் இருக்கிறது அந்தக் கம்ப்யூட்டர் சாமான் கடை. முகப்பில் பெரிய எழுத்தில் ஒரு பெயர் எழுதியிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் பக்கத்துக் கடைக்காரரே உதட்டைப் பிதுக்குவார். ஆனா அண்ணன் கடை எது என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்.

பெயர் வந்த விதம் இதுதான். கேம் விளையாடுவதற்கென்றே கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கித் தாங்களாகப் பூட்டிக்கொள்ளும் கிறுக்கர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் தலைவலி மதர்போர்டு. கம்ப்யூட்டருக்குள் மற்ற எல்லாச் சாமானும் வந்து உட்கார்கிற பெரிய பலகை அது. பலகை சொதப்பினால் மேலே உட்காருவது எவ்வளவு உசத்தியாக இருந்தும் பிரயோசனமில்லை. ஆகவே இரண்டு போர்டுகளின் பெயரை மனதில் போட்டு உருட்டிக்கொண்டு, இதுவா அதுவா என்று இவனிடம் வந்து நிற்பார்கள். இவன் இரண்டையும் மேசைமேல் அருகருகே வைப்பான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுவான். "இது நல்ல போர்டுதான்," என்பான். கேட்டவர் முகம் மலரும். உடனே, "ஆனா..." என்று இழுப்பான்.

அந்த ஆனாவுக்குப் பின்னால் என்ன வேண்டுமானாலும் வரும். மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிற பகுதி சீக்கிரம் சூடாகும். ஃபேன் சொருக இடம் கம்மி. கிராபிக்ஸ் கார்டை மாட்டிவிட்டால் அதற்கடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் திருக விரல் போகாது. ஒருமுறை ஒரு போர்டில் எரிகிற விளக்கு தேவையில்லாமல் குஷியாக இருக்கிறது என்று சொல்லி அதைத் தள்ளி வைத்தான். சொல்வதில் பொய் இருக்காது. அதனால்தான் கூட்டம் வந்துகொண்டே இருந்தது.

கடையோடு இந்தப் பழக்கம் நின்றிருந்தால் பரவாயில்லை. நாற்பதைத் தாண்டியும் அவன் தனியாளாக இருந்ததற்குக் காரணம் இந்த ஆனாதான் என்பது அவன் அக்காவின் தீர்ப்பு. "நல்ல பொண்ணுதான், ஆனா என்னைவிட வேகமா பேசறாங்க." "நல்ல பொண்ணுதான், ஆனா நான் சொன்ன ஜோக்குக்குச் சிரிச்சுட்டாங்க, அது அவ்வளவு நல்ல ஜோக் இல்லையே." உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கைகழுவினார்கள். கடைசியில் கைகழுவியவள் அக்கா. கல்லாவில் உட்காருபவள் அவள்தான். அவள் கணவர் கப்பல்காரர், வருஷத்தில் பாதி கடலில் இருப்பார். போர்டுகளைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று கடைக்கு வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவளும் அதைத் திருத்த மெனக்கெடுவதில்லை.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு பஸ் டிரைவர் உள்ளே வந்தாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு வார விடுமுறை. நேராக மேசைக்கு வந்து, பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்து வைத்தாள். உள்ளே புதிய பிராசசர், அதாவது கம்ப்யூட்டரின் மூளையாக இருக்கிற வில்லை.

"எங்க பஸ் டிப்போவுல எல்லா டிரைவரும் சேர்ந்து பிறந்தநாளுக்கு வாங்கிக் குடுத்தாங்க. இதுக்கு ஏத்த போர்டு ஒண்ணு வேணும். கார் ரேஸ் விளையாட."

"நாள் முழுக்க பஸ் ஓட்டறீங்க, வீட்டுக்குப் போயும் வண்டிதானா?" என்று கல்லாவிலிருந்து அக்கா கேட்டாள்.

"பஸ்ல பாதி நேரம் பிரேக்லதான் கால் இருக்கு. வீட்டுல அந்தப் பக்கமே போறதில்லை."

அவன் பிராசசரை எடுத்துப் பார்த்தான். ஒரு கம்பெனி பிராசசர் இன்னொரு கம்பெனி பிராசசருக்கான போர்டில் உட்காராது. இது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. கண்ணைக் கட்டிவிட்டாலும் விரலால் தடவியே எது எதில் உட்காரும் என்று சொல்லிவிடுகிறவன் அவன். பொருத்தமான போர்டு இரண்டை எடுத்துவந்து வைத்தான். "இது நல்ல போர்டுதான்," என்று தொடங்கினான். அவள் முழங்கையை மேசையில் ஊன்றி, கன்னத்தைக் கையில் தாங்கி, குழந்தை கதை கேட்கிற மாதிரி கேட்டாள். ஆனா வந்தபோது சிரித்துவிட்டாள்.

"இப்படிச் சொன்னா நான் எப்படி வாங்கறது? யோசிச்சுட்டு அடுத்த வாரம் வரேன்."

அவள் போன பிறகும் அவன் அந்த இரண்டு போர்டுகளையும் டப்பாவுக்குள் வைக்காமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாள் கடைவீதி வழியாக அவள் ஓட்டிவந்த பஸ் போனது. பள்ளிக்கூடம் இருக்கிற தெரு, ஹாரன் அடிக்கக்கூடாது. அவள் அவனைப் பார்த்து ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு விரலை மட்டும் உயர்த்தினாள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கப்புறம் பஸ் வரும் நேரமெல்லாம் கண்ணாடிக் கதவைத் துடைக்க வெளியே போய்விடுவான்.

"இப்படியே தேய்ச்சா கதவுல கண்ணாடி மிஞ்சாதுடா," என்றாள் அக்கா.

அடுத்த செவ்வாய் வந்தாள். அதற்கடுத்த செவ்வாயும் வந்தாள். மெமரி சொருகும் இடம், பின்பக்கத்து யு.எஸ்.பி., வைஃபை ஆண்டெனா என்று ஒவ்வொரு வாரமும் ஒரு புதிய கேள்வி. அவன் வாரம் முழுவதும் படித்துத் தயாராகி, செவ்வாய்க்கிழமை சலவைச் சட்டையில் வந்து நிற்பான். அவளுக்கு எந்த போர்டையும் அவன் சிபாரிசு செய்யவில்லை, அவளும் எதையும் வாங்கவில்லை. கடையில் இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் முடிவெட்டும் கடை வரைக்கும் கேட்டது. ஒருநாள் அவளே மேல் தட்டைக் காட்டி, "அந்தக் கறுப்பு போர்டு எப்படி?" என்றாள். அவன் ஏணி போட்டு இறக்கி, முந்தின வாரத்து போர்டோடு பக்கத்தில் வைத்து, சூடு, விளக்கு, சத்தம், ஸ்க்ரூ என்று ஒரு மணி நேரம் பேசினான். அவள் அன்றைக்கு என்னவோ அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வழக்கத்தைவிடப் பெரிதாகச் சிரித்துக்கொண்டு போனாள்.

இதற்கிடையில் ஒரு விபரீதம் நடந்தது. கடைக்குப் புதிதாக ஒரு போர்டு வந்தது. அவன் டப்பாவைப் பிரித்தான், திருப்பித் திருப்பிப் பார்த்தான், ஓட்டிப் பார்த்தான், சூடேற்றிப் பார்த்தான். அவளுடைய பிராசசருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. ஒரு ஆனாகூட அகப்படவில்லை. இதைக் காட்டினால் அவள் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். மதர்போர்டு மளிகைச் சாமான் இல்லையே, மாதாமாதம் வாங்க. ஒன்று வாங்கினால் வருஷக்கணக்கில் இந்தப் பக்கம் வரவேண்டியதில்லை. தொழிலுக்கு வந்த நாளிலிருந்து யாருக்கும் நல்ல சரக்கை மறைக்காதவன், அந்த போர்டைக் கொண்டுபோய்ப் பிரிண்டர் டப்பாக்களுக்குப் பின்னால் சொருகினான்.

தூசி தட்டப்போன அக்கா கையும் களவுமாகப் பிடித்தாள்.

"தம்பி, இது ஏன் இங்க ஒளிஞ்சிட்டு இருக்கு?"

அவன் திருதிருவென்று முழித்தான். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அக்கா சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நீ நல்லதை நல்லதுன்னு சொல்றவன்னு நம்பித்தான் அவ உன்கிட்ட வர்றா. அதையே மறைச்சு வெச்சுட்டு அவ முகத்தை எப்படிடா பார்க்கிறே?"

"குடுத்துட்டா வரமாட்டாங்களே அக்கா."

"வராட்டி வராம போகட்டும். குடுத்துடு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அது சரி, கடைக்கு வர்ற பொண்ணுங்களை எல்லாம் நீ சிஸ்டர்னுதானே கூப்பிடுவே? அவளை மட்டும் ஏன் கூப்பிடலை?" என்று கேட்டாள்.

"வாயில வரலை."

"ஊரே உன்னை அண்ணான்னு கூப்பிடுது. அவ கூப்பிட்டாளா?"

அவன் யோசித்தான். அவள் அவனை எதுவுமே சொல்லிக் கூப்பிட்டதில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பதற்குள் அக்கா துடைப்பத்தோடு எழுந்து போய்விட்டாள்.

செவ்வாய் வந்தது. அவளும் வந்தாள். அவன் பிரிண்டர்களுக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்துவந்து மேசையில் வைத்தான். "இதுதான் உங்க போர்டு," என்றான். "வந்து ரெண்டு வாரம் ஆச்சு. காட்டியிருக்கணும். காட்டலை. தப்புதான்."

"ஆனா?" என்றாள் அவள்.

"ஆனா இல்லை."

அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் முகமோ சட்டென்று வாடியது. டப்பாவைத் தொடக்கூட இல்லை. கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதையும் அந்தக் கறுப்பு போர்டையும் ஒப்பிட்டா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்படிக் கேளுங்க," என்று ஏணியை எடுத்தான். கறுப்பு போர்டை இறக்கினான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

"டேய்," என்றாள் அக்கா, கல்லாவிலிருந்து தலையை உயர்த்தாமலே. "அந்தக் கறுப்பு போர்டுல அவங்க பிராசசர் உட்காரவே உட்காராதே. அது வேற கம்பெனிக்கான போர்டாச்சே."

அவன் கறுப்பு போர்டைப் பார்த்தான். நடுவில் இருந்த சதுரக் குழியைப் பார்த்தான். விரலால் தடவினான். உட்காராது. முதல் வகுப்புப் பாடம். கடை வாசலில் படுத்திருக்கிற பூனைக்குக்கூடத் தெரியும். இதைப் பற்றித்தான் அவன் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறான், சூடு பற்றியும் விளக்கு பற்றியும் ஸ்க்ரூ பற்றியும். முகத்தில் அசடு வழிய நின்றான்.

"எனக்குத் தெரியும்," என்றாள் பஸ் டிரைவர்.

"தெரியுமா? அப்புறம் ஏன் கேட்டீங்க?"

"என் பிராசசருக்கு ஏத்த போர்டு எல்லாத்தையும் நீங்க காட்டி முடிச்சுட்டீங்க. கேக்கறதுக்கு வேற ஒண்ணும் மிச்சமில்லை. அதான் அதைக் காட்டினேன். இது உட்காராதும்மான்னு ஒரே வார்த்தையில சொல்லி அனுப்பிடுவீங்கன்னு பயந்துட்டேதான் காட்டினேன். நீங்க சொல்லவே இல்லை. உங்களுக்கா அது தெரியாமப் போகும்? அன்னிக்குத்தான் எனக்கு உறுதியாச்சு."

"என்ன உறுதியாச்சு?"

அக்கா கல்லாவில் நெற்றியைத் தட்டிக்கொண்டாள்.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "வீட்டுல மெஷின் ஓடிட்டுத்தான் இருக்கு. ரெண்டாவது வாரமே பூட்டிட்டேன்."

சந்தோஷம் தலைக்கேறிக்கொண்டிருந்த அந்த நேரத்திலும் அவனுக்குள் இருந்த கடைக்காரன் துள்ளி எழுந்தான். "போர்டு எங்க வாங்கினீங்க?"

"டிப்போ பக்கத்துல ஒரு கடை."

"எந்த போர்டு?"

"முதல் நாள் நீங்க காட்டினீங்களே, ஃபேன் சொருக இடம் கம்மின்னு, அது."

"அது சூடாகுமே."

"ஆகுது. பனிக்காலத்துக்குச் சௌகரியமா இருக்கு."

அவன் ஆனா இல்லாத போர்டை அவள் பக்கம் நகர்த்தினான். அதைத் தானே வந்து மாற்றித் தருவதாகச் சொல்ல நினைத்தான். அவளே முடித்துவைத்தாள்.

"ஞாயித்துக்கிழமை மதியம் ஷிஃப்ட் இல்லை. நீங்களே வந்து மாட்டிக் குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை போனான். கீழ்வீட்டில் அவள் அண்ணன் குடும்பம், மாடியில் அவள். மேசையின் விளிம்பில் விளையாட்டுக்கான ஸ்டீயரிங் ஒன்று கவ்வியிருந்தது. அண்ணி காபி கொண்டுவந்தாள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்க ஒருமுறை வந்தாள். எதற்கென்றே தெரியாமல் இன்னொருமுறை வந்து அவனை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனாள். அவன் பழைய போர்டைக் கழற்றி, புதியதை வைத்து, எல்லா ஸ்க்ரூவையும் திருகி, எல்லா ஒயரையும் சொருகி நிமிர்ந்தபோது, மேசை ஓரத்தில் நீளமாக ஒரு தகடு கிடந்தது. பெட்டியின் பின்பக்கத்தை மூடுகிற தகடு. போர்டை வைப்பதற்கு முன்னால் மாட்டவேண்டியது. இத்தனை வருஷத் தொழிலில் அவன் அதை மறந்ததே கிடையாது. இனி அத்தனையையும் கழற்றி முதலிலிருந்து பூட்டவேண்டும்.

"இது இங்க கிடந்ததை நீங்க பார்க்கலையா?" என்றான்.

"அப்பவே பார்த்தேன்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா சீக்கிரம் முடிஞ்சுடுமே," என்றாள்.

அவன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். இரண்டு பேரும் சேர்ந்து எல்லாவற்றையும் கழற்றினார்கள். முதல் தடவையைவிட மெதுவாகப் பூட்டினார்கள். சுவிட்சைத் தட்டியதும் திரை பளிச்சென்று எரிந்தது, ஃபேன்கள் சத்தமில்லாமல் சுற்றின. அவள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவன் பக்கத்து நாற்காலியில், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்தான்.

"வீடு எப்படி?" என்று கேட்டாள்.

"நல்ல வீடுதான், ஆனா படி ரொம்பச் செங்குத்து."

"அண்ணி போட்ட காபி?"

"நல்ல காபிதான், ஆனா டம்ளர் சின்னது."

"நான்?"

படியேறிக்கொண்டிருந்த அண்ணியின் காலடிச் சத்தம் பாதியில் நின்றது.

"நல்லவங்கதான்," என்றான்.

அவள் காத்திருந்தாள். அவனும் காத்திருந்தான், வழக்கமாக வருகிற வார்த்தை வந்துவிடுமோ என்ற பயத்தோடு. வரவில்லை.

"அப்புறம்?" என்றாள்.

"அவ்வளவுதான்," என்றான்.

திரையில் பந்தயம் தொடங்கி, மற்ற கார்கள் எல்லாம் பறந்துபோய்விட்டன. அவள் வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. ஓட்டுவதற்குப் பதிலாக, ஸ்டீயரிங்கின் நடுவில் உள்ளங்கையை வைத்து, காலியான பாதையைப் பார்த்து நீளமாக ஹாரன் அடித்தாள்.