பாலத்தடியில் சிக்கிய குதிரை

ரெட்டியார்சத்திரத்தில் ஜெராக்ஸ் கடை நடத்தும் நாகஜோதி, பஸ்ஸின் போர்டைப் படித்த பிறகும் கண்டக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏறுவாள். எதையும் லேசில் நம்பாத அவள் ‘மலைக்காவல்’ என்ற வீடியோ கேமை மட்டும் பதினோரு வருடமாக விடவில்லை. நான்காம் பாகம் படுத்துவிட்டது. அதன்பின் வாயே திறக்காத கம்பெனி, “ரசிகர்களே எங்கள் உயிர், ஐந்தாம் பாகம் வருகிறது” என்று திடீரென அறிவித்தது.

“இம்புட்டு நாளா எங்க போயிருந்துச்சாம் இந்தப் பாசம்?” என்று ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் பொரிந்து தள்ளினாள்.

அதே வாரம் ஜெயசீலன் என்றொருவன் குரூப்பில் சேர்ந்தான். ஐந்தாம் பாகத்தைப் பற்றி எல்லாரிடமும் துருவித் துருவிக் கேட்டான். கம்பெனி அனுப்பிய உளவாளியேதான் என்று முடிவுகட்டிய நாகஜோதி, அவனை மடக்கினாள்.

“நெசமான ரசிகன்னா சொல்லு. ரெண்டாம் பாகத்துல பாலத்துக்கடியில குதிரை சிக்கிக்கிட்டா என்ன செய்யணும்?”

ஜெயசீலன் பதில் அனுப்பினான்:

“கேமை அணைச்சுட்டு மறுபடி போடணும். குதிரை அப்படிச் சிக்குற மாதிரி புரோகிராம்ல தப்புப் பண்ணுனதே நான்தாங்க. போன வருசம் கேமைச் செஞ்ச எங்க டீம் மொத்தத்தையும் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிருச்சு.”

நாகஜோதி பதறிப்போய்க் கேட்டாள்: “அப்ப அஞ்சாம் பாகத்தை யாருதான் செய்யிறா?”

“அதைத் தெரிஞ்சுக்கத்தாங்க உங்க குரூப்புக்கே வந்தேன்.”