மாடி அறையில் கேட்ட கத்தல்

ஆசிரமத்துப் பக்கம் இருக்கும் என் மாடி அறையைத் தியானம் செய்பவர்களுக்குத்தான் வாடகைக்கு விடுவேன். அன்று மாலை அங்கிருந்து யாரோ தொண்டை கிழியக் கத்தும் பாட்டு கேட்டது. ஆத்திரத்தோடு ஏறினேன்.

"இது என்ன வீடுன்னு நெனச்சீங்க? காலி பண்ணுங்க!"

"பிளாக் மெட்டல் அக்கா, ராக் மியூசிக்ல ஒரு வகை. புது ஆல்பம். ஒரு நிமிஷம் கேளுங்களேன்," என்றார் குடியிருந்தவர்.

கத்தலுக்கு அடியில் கிடார் ஒப்பாரி வைத்தது.

கிரிவலப் பாதையில் குடிகாரன் ஒருவன் வேனை ஏற்றி என் கணவரைக் கொன்றான். துக்கத்துக்கு வந்தவர்களோ, "குடுத்து வெச்சவரு, மலைய சுத்தும்போதே போயிட்டாரு, அழாதீங்க" என்றார்கள். வெட்கமில்லாமல் நானும் தலையாட்டினேன். அன்று நான் கத்தியிருக்க வேண்டியதை, மூன்று வருடம் கழித்து, முகம் தெரியாத எவனோ கத்திக்கொண்டிருந்தான்.

"கம்மி பண்ணிடட்டுமாக்கா?"

"வேணாம். இன்னும் ஜாஸ்தி வைங்க."