முறியாத நெட்டி

விரலில் நெட்டி முறிக்கும் பழக்கம் எனக்கு எப்போது ஒட்டிக்கொண்டது என்று நினைவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு வராதபோதெல்லாம் ஒவ்வொரு விரலாக மடக்கி முறிப்பேன். வீட்டுக்குள் முறித்தால் தரித்திரம் என்பார் அம்மா. விரல் முட்டி வீங்கி, வயசான காலத்தில் சோறுகூடப் பிசைய முடியாது என்பார் சித்தி. இரண்டுக்கும் நான் மசியவில்லை. அனுபவத்தில் ஒன்று மட்டும் கண்டுவைத்திருந்தேன். ஒருமுறை முறித்த விரல் உடனே மறுபடி முறியாது. தலைகீழாக நின்றாலும் சத்தம் வராது, கொஞ்ச நேரம் பொறுக்க வேண்டும். அந்த அற்ப ஞானம்தான் என் கல்யாணத்தைக் காப்பாற்றியது.

ஐம்பதுகளின் கடைசி அது. கீரனூருக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊருக்கு, விராலிமலையிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். அதற்கு முன் வந்தவர்கள் நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததையே ஒரு குறையாகச் சொல்லிப் போனவர்கள். இவர்கள் மட்டும், கல்யாணத்துக்குப் பிறகு டீச்சர் டிரெயினிங் படிக்கட்டும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா என்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான். இந்த இடம் தகைய வேண்டும், அவ்வளவுதான்.

அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது கூடத்தில் படபடவென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா, பேச்சைக் கேட்டபடியே தன் பத்து விரலையும் வரிசையாக முறித்துக்கொண்டிருந்தார். அட, நம்ம ஆள் என்று சந்தோஷப்பட்டேன்.

காப்பி கொடுத்துவிட்டு விழுந்து கும்பிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா என் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்தினார். திருஷ்டி கழிக்கிறாராம். எவ்வளவு முறிகிறதோ அவ்வளவு ஆசை என்பது எங்கள் பக்கத்துக் கணக்கு. ஒன்றுகூட முறியவில்லை. மறுபடி வழித்து அழுத்தினார். அப்போதும் இல்லை. அவர் முகம் சுண்டிப்போனது. கூட வந்திருந்த அவர் அக்கா, "கைக்கே பிடிக்கலை போலருக்கு. யோசிச்சுச் செய்ங்க" என்று சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். என் அம்மா தரையைப் பார்த்தார்.

கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. பெண் பார்க்கும்போது பெண் பேசக்கூடாது என்பதே மறந்துபோனது.

"அயித்தை, நீங்க இப்பத்தானே பத்து வெரலையும் முறிச்சீங்க. அது உடனே முறியாது. இன்னொரு காப்பி குடிச்சிட்டுப் பாருங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, எப்படித் தெரியும் என்று கேட்டார். நான் என் சுண்டுவிரலை மடக்கினேன், முறிந்தது. அதையே மறுபடி அழுத்திக் காட்டினேன். சத்தமில்லை. அவர் குலுங்கக் குலுங்கச் சிரித்துவிட்டு அக்காவை உட்காரச் சொன்னார்.

இரண்டாவது காப்பி வந்தது. அப்பா விடாமல் மழையைப் பற்றியே பேசினார். அக்கா பஸ் போய்விடும் என்று முணுமுணுத்தார். பேச்சு ஓய்ந்ததும் அயித்தை என்னைக் கூப்பிட்டு முகத்தை வழித்தார். பாதி விரல்தான் முறிந்தது. தட்டு மாற்ற அது போதுமாக இருந்தது.

சொன்னபடியே படிக்க வைத்தார்கள், டீச்சரும் ஆனேன். மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீரில் குமிழி உண்டாவதால்தான் அந்தச் சத்தம் என்று வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் சொன்னார். குமிழி கரைந்த பிறகுதான் மறுபடி முறியுமாம். அதனால் வாதமெல்லாம் வராதாம். நான் இன்றும் சோற்றைப் பிசைந்துதான் சாப்பிடுகிறேன்.

குமிழியோ என்னவோ, கல்யாணத்தன்று நடந்ததை நான் எந்த டாக்டரிடமும் சொன்னதில்லை. சும்மா உட்கார்ந்தால் விரல் துறுதுறுக்கும் அயித்தை, அன்று விடிந்ததிலிருந்து கையில் தாம்பாளம், இல்லாவிட்டால் யாருடைய குழந்தையாவது என்று எதையாவது பிடித்தபடியே திரிந்தார். ஏன் என்று யாருக்கும் புரியவில்லை. வாசலில் ஆலம் சுற்றி முடித்ததும் தட்டைப் பக்கத்தில் கொடுத்துவிட்டு என் முகத்தை வழித்தார். பத்தும் முறிந்தது.

"காலையிலேருந்து ஒனக்குன்னே வச்சிருந்தேன் ஆத்தா" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.