தார் பூசிய கதவு

மழைக்காக வருடம் முழுக்க வானத்தையே பார்த்துக் கிடக்கும் ஊர் எங்களுடையது. உத்தரகோசமங்கைக்குப் பக்கத்தில் மானாவாரி மிளகாய். அந்த ஊர்க்காரனான நானே மழையைத் திட்டினேன் என்றால் என் எரிச்சல் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரு பழைய ஜீப்பால்.

மண்டபத்து மீன் வியாபாரி ஒருவரிடம் வாங்கிய வண்டி அது. உப்புக் காற்றில் நின்று நின்று, கதவைச் சுற்றியிருந்த ரப்பர் கருவாடாகக் காய்ந்திருந்தது. பின் சீட்டைக் கழற்றிவிட்டு வற்றல் மூட்டைகளை ஏற்றுவேன். சித்திரையில் காயவைத்ததை, விலை ஏறட்டும் என்று ஐப்பசி வரை வைத்திருந்து விற்பது எங்கள் பழக்கம். ஐப்பசியில்தான் மழையும் வந்து தொலைக்கும். ஈரம் பட்ட வற்றல் கறுத்துவிடும். கமிஷன் கடைக்காரர் ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு மூட்டையையே ஒதுக்கிவிடுவார்.

போன ஐப்பசியில் அதுதான் நடந்தது. இடது பின்கதவில் சாய்த்திருந்த மூட்டை நனைந்துவிட்டது. அந்தக் கதவைச் சாத்தியவள் என் மனைவி.

"ஒரு கதவ ஒழுங்காச் சாத்தத் தெரியாதா?" என்று கடைத்தெருவிலேயே கத்தினேன்.

"சாத்தத்தானங்க செஞ்சேன்" என்றாள்.

நான் நம்பவில்லை. அதற்கப்புறம் அவள் ஒவ்வொரு முறையும் கதவைச் சாத்தி, கையால் தள்ளிப் பார்த்து, இடுப்பால் ஓர் இடி இடித்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள். ஒரு வருடமாக அப்படித்தான்.

நானும் சும்மா இருக்கவில்லை. ரப்பரைப் பசை போட்டு ஒட்டினேன், பிய்ந்தது. சைக்கிள் ட்யூபை அறுத்து வைத்தேன்; கதவே சாத்தவில்லை. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு கதவின் அடிவிளிம்பிலும் மூன்று ஓட்டைகள். துரு தின்றிருக்கிறது என்று நினைத்து, தொண்டியில் வள்ளத்துக்குப் பூசும் தாரை வாங்கிவந்து அடைத்தேன். கோடை மழையில் மறுபடியும் ஒழுகியது. வெறுத்துப்போய் ராமநாதபுரம் ஒர்க்‌ஷாப்பில் நாலு கதவுக்கும் புது ரப்பர் பீடிங் போட்டேன்.

இந்த ஐப்பசியில் நாலு மூட்டை ஏற்றிக்கொண்டு இருவரும் கிளம்பினோம். நல்ல மழை. ஊரைத் தாண்டி ஒரு வளைவில் பிரேக் போட்டதும், இடது பின்கதவின் உள்பக்கத்திலிருந்து தண்ணீர் குபுக்கென்று மூட்டைமேல் கொட்டியது. "இப்பவும் சாத்தலயா நீ?" என்றேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வண்டியை நேராக ஒர்க்‌ஷாப்புக்கு விட்டேன்.

"என்னப்பா ரப்பர் போட்ட நீ?"

மெக்கானிக் கதவைத் திறந்தார். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தார். வரவில்லை. சுற்றி ஏழெட்டு இடத்தில் அப்படிப் பார்த்தார். எங்கேயும் தாள் நழுவவில்லை.

"ரப்பர் கவ்வித்தாண்ணே பிடிக்கிது. போன வருசம் ஒழுகுனது அந்தக் காஞ்ச ரப்பராலதான்."

பிறகு கதவைத் தட்டினார். உள்ளே சளக் என்றது. கீழே குனிந்து, ஸ்க்ரூ டிரைவரால் தாரைக் குத்தினார். ஒரு குடம் தண்ணீர் தரையில் ஓடியது.

"இங்கன தாரப் பூசுனது யாருண்ணே?"

"நாந்தான். துருவுன்னு நெனச்சேன்."

"கண்ணாடி வழியா உள்ள எறங்குற தண்ணி வெளிய போறதுக்குக் கம்பெனியில விட்ட ஓட்டைண்ணே இது. கலுங்க அடைச்சா கம்மாத் தண்ணி எங்கிட்டுப் போகும்?"

கண்மாயின் உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்கை மழைக்கு முன்னால் சுத்தம் செய்யவில்லை என்று, ஊர்க்கூட்டத்தில் வருடா வருடம் தொண்டை வற்றக் கத்துகிறவன் நான். அவமானமாக இருந்தது.

மனைவி அதற்குள் நனைந்த மூட்டையை அவிழ்த்து, ஒர்க்‌ஷாப் தரையில் சாக்கை விரித்து, ஈர வற்றலைத் தனியாகப் பொறுக்கத் தொடங்கியிருந்தாள். அரை மூட்டைதான் தேறும். நான் மண்டியிட்டு மற்றக் கதவுகளின் தாரைச் சுரண்டினேன். அவள் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

வெகுநேரம் கழித்து, கையிலிருந்த வற்றலிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்:

"அப்ப, நாங் கதவ நல்லாத்தானங்க சாத்தியிருக்கேன்?"