முகைதீன்பாவா மரைக்காரான கிரகணம்

கல்முனையில் முகம் உள்ளவர்கள் அனைவரும் ஒரு தடவையாவது முகைதீன்பாவாவின் ஸ்டூலில் குந்தியிருக்கிறார்கள். அடையாள அட்டை வந்த காலத்தில் சம்மாந்துறையிலிருந்து ட்ரக்டர் பெட்டியில் ஆள் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது என்பது அவருடைய ஸ்டூடியோவின் சட்டம். தன் கலியாணப் படத்திலேயே அவர் சிரிக்கவில்லை.

இருபது வருடம் முகம் பிடித்த அந்த மனிதருக்கு நாற்பத்தெட்டாவது வயதில் மரைக்கார் ஆகும் ஆசை வந்தது. உம்மா வழியில் வரும் ஒவ்வொரு குடிக்கும் பள்ளி நிருவாகத்தில் ஒரு மரைக்கார் உண்டு. அவருடைய குடியின் மரைக்கார் மௌத்தாகி மூன்று மாதமாக இடம் காலியாகக் கிடந்தது. ஆசையின் மூலக்காரணம் மனைவி றபீக்கா. கலியாண வீட்டில் மரைக்கார் பொஞ்சாதிக்கு விரிக்கிற பாய் வேறு, ஸ்டூடியோக்காரன் பொஞ்சாதிக்கு விரிக்கிற பாய் வேறு என்பதை அவள் பல வருடங்களாகக் குந்திப் பார்த்து அறிந்திருந்தாள்.

அந்த இடத்துக்குப் போட்டியாக நின்றவர் அதே குடியைச் சேர்ந்த புடவைக்கடை ஜவுபர். ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு தீர்மானிப்பதாகப் பள்ளித் தலைவர் முத்தலிப் ஹாஜியார் சொல்லியிருந்தார். அதற்கு முந்திய வெள்ளியிரவுதான் முழுச் சந்திர கிரகணம். 1978 மார்ச் மாதம், வேதக்காரருக்கு அன்று பெரிய வெள்ளி. ஜும்ஆ முடிந்ததும் ஹாஜியார் எழும்பி, இரவு கிரகணத் தொழுகையில் காணக் கிடைக்காதவர் மரைக்கார் பதவியைக் கனவிலும் நினைக்க வேண்டாம் என்று அறிவித்தார்.

முகைதீன்பாவாவுக்கோ கிரகணத்தைப் படம் பிடித்தே ஆக வேண்டும். கண் சிமிட்டாத, கழுத்தைத் திருப்பாத வாடிக்கையாளர் அவருக்கு அதுவரை வாய்க்கவில்லை. அவர் ஒரு கணக்குப் போட்டார். கறுத்துப்போகும் நிலா பிலிமில் பதியக் கெமரா பத்து நிமிடம் திறந்திருக்க வேண்டும். இரண்டு றக்அத் தொழப் பத்து நிமிடம் போகும். ஆகவே கெமராவைத் திறந்து வைத்துவிட்டுத் தொழுதுவிட்டு வந்து மூடலாம். பத்து நிமிடத்தில் நிலா எங்கே போய்விடப் போகிறது?

பள்ளியின் முன்னால், தொழுமுன் கைகால் கழுவி ஒழு எடுக்கும் ஹவுழுத் தொட்டிக்கு மேலே தட்டையான கொங்கிறீட் கூரை இருந்தது. அங்கே முக்காலியை நிறுத்தினார். முற்றமும் கேற்றும் படத்தின் கீழ்ப்பாதியில் விழ, கிழக்கு வானம் மேற்பாதியில் விழ, கெமராவை நிமிர்த்தினார். நிலாவின் ஓரத்தை இருட்டுக் கடிக்கத் தொடங்கியிருந்தது. லென்ஸின் துளையை ஆகச் சின்னதாக்கித் திறந்து வைத்தார். அன்றைக்கென்று கரன்டும் இல்லை. ஓடிப்போய்ச் சேரும்போது தக்பீர் கட்டித் தொழுகை தொடங்கியாயிற்று. தூணுக்குப் பின்னால் கிடைத்த இடத்தில் நின்றார்.

அவர் கணக்கில் சேர்க்காதது புதிய மௌலவியை. கிரகணத் தொழுகையை நீட்டித் தொழுவதே நபிவழி என்று படித்துவிட்டு வந்திருந்த அந்த இளைஞர், குர்ஆனிலேயே ஆக நீளமான அத்தியாயத்தைத் தொடங்கினார். அரை மணி கழித்து றுகூஉவுக்குக் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடியும் ஓதத் தொடங்கினார். கூரையில் வெளிச்சம் பட்டு வெந்துகொண்டிருக்கும் பிலிமை நினைத்து முகைதீன்பாவா உள்ளூர அழுதார். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டபடி இருந்தது. பிந்தி வருகிறவர்களாக்கும் என்று நினைத்து, அவர்களுக்காகவும் மனதுக்குள் துஆக் கேட்டார்.

ஒன்றரை மணித்தியாலம் கழித்து ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தபோது பள்ளி நிறைந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஹாஜியாரின் வீட்டு மண்டபத்தில், அவரையும் முகைதீன்பாவாவையும் சேர்த்து, குடிப் பெரியவர்கள் பன்னிரண்டு பேர் கூடினார்கள். ஜவுபர் நேரே விசயத்துக்கு வந்தார்.

"தொழுக நேரம் இவர்ர கெமரா ஹவுழுக்கு மேல நிண்டது. கெமராவ உட்டுப்போட்டு இவரு தொழுதெண்டா ஆரு நம்புற?"

முகைதீன்பாவாவைத் தொழுகையில் கண்டவர் யார் என்று ஹாஜியார் கேட்டார். தூணைச் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்கள்.

முகைதீன்பாவா உறையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

"நான் கெமராக்கிட்ட நிண்டிருந்தா பத்து நிமிசத்தில மூடியிருப்பன் ஹாஜியார். இது மௌலவி ஓதின நீளம்."

ஹாஜியார் கண்ணாடியைப் போட்டார். படத்தில் நிலா இல்லை. நிலா நடந்துபோன பாதைதான் இருந்தது. வெள்ளைப் பட்டையாகத் தொடங்கி, போகப்போக மெலிந்து, எலிவால் போலாகி, படத்தின் மேல்விளிம்பால் வெளியேறியிருந்தது.

"கீழ என்ன இது, கோடு கோடா?"

"டோர்ச் வெளிச்சம் ஹாஜியார். நடந்துபோற ஆள் படத்தில விழாது, வெளிச்சம் மட்டும் விழும். எண்ணிப் பாத்தன். கேற்றால பதினொண்டு போயிரிக்கி, பதினொண்டு திரும்பி வந்திரிக்கி."

படம் கைமாறத் தொடங்கியது. கோடுகளில் ஆகத் தடித்தது கேற்றைத் தாண்டி இடப்பக்கம் திரும்பியிருந்தது. அந்தத் தெருவில் ஐந்து பற்றரி டோர்ச் வைத்திருந்தவர் ஒரே ஒருவர். அவர் கொழும்பிலிருந்து அதைக் கொண்டுவந்த நாளில் ஊர் முழுக்க அடித்துக் காட்டியிருந்தார். ஜவுபர் படத்தை அவசரமாக அடுத்தவரிடம் கொடுத்தார். இன்னொரு கோடு தையல் மெசின் ஓடினது போல நடுங்கி நடுங்கிப் போயிருந்தது. நடுங்கும் கை அந்த மண்டபத்தில் ஒன்றுதான். ஹாஜியார் அதைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டார்.

கிரகணத் தொழுகை விருப்பத்துக்கு விட்ட சுன்னத்துத்தானே, கட்டாயமான பர்ளு இல்லையே என்று யாரோ முணுமுணுத்தார்.

முகைதீன்பாவாவுக்கு அந்த முணுமுணுப்பு பிடிபடவில்லை. படம் தெளிவில்லை என்று நினைக்கிறார்களோ என்று தொழில்முறையில் கவலைப்பட்டார்.

"இது போஸ்காட் சைஸ்தான். பெரிசாக்கினா ஆரார் எந்தப் பக்கம் திரும்பின எண்டும் வடிவா வெளங்கும். ஆக்களுக்கு ஒவ்வொண்டு அடிச்சித் தரட்டா?"

"நெகட்டிவ் எங்க இரிக்கி?" என்று ஹாஜியார் கேட்டார்.

"ஸ்டூடியோவில. எத்தின வருசமெண்டாலும் பத்திரமா வெச்சிருப்பன்."

ஜவுபர் எழும்பினார்.

"நம்மட குடிக்கு முகைதீன்பாவாவப் போலப் பொருத்தமான ஆள் வேற இல்ல. நான்தான் முதல்ல அவர்ர பேரச் செல்ற."

பதினொருவரும் ஒரே குரலில் சம்மதித்தார்கள். அவ்வளவு ஒற்றுமையான தீர்மானத்தை அந்தக் குடி அதுவரை கண்டதில்லை. தொழுகையாளி என்பதற்கு ஆதாரம் காட்டி வென்ற பூரிப்போடு முகைதீன்பாவா வீட்டுக்குப் போனார். றபீக்கா படத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, நிலா எங்கே என்று மட்டும் கேட்டாள்.

செப்டம்பரில் இன்னொரு முழுக் கிரகணம் வந்தது. மரைக்கார் முகைதீன்பாவா முதல் வரிசையில் நின்று, ஒன்றேமுக்கால் மணித்தியாலம் அசையாமல் தொழுதார். ஊரே திரண்டு வந்திருந்தது. ஒருவர் கையிலும் டோர்ச் இல்லை. தொழுகை பாதியில் இருக்கும்போது இருட்டில் கேற்றுக்குப் போகும் வழி தெரியாமல் ஹவுழுக்குள் இரண்டு பேர் விழுந்தார்கள்.