ஜெனரேட்டர் காற்றில் காய்ந்த நைட்டிகள்

போன வாரம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் கரண்ட் போனது. கீழே இருக்கிற பெரிய ஜெனரேட்டர் இருமிச் செருமி ஓட ஆரம்பித்தது. எல்லாரும் புகைக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தினார்கள். நான் கீழே இறங்கிப் போய் அதன் முன்னால் நின்றேன். சூடான காற்றும் டீசல் வாசனையும் முகத்தில் அடித்தன. கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக மூச்சை இழுத்தேன். என் மகள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாம்மா பண்ற அங்க? வாட்ச்மேன் அங்கிள் பாக்கறாரு" என்றாள். அவர் பார்க்கத்தான் செய்தார். நாற்பது வயதுப் பெண்மணி ஒருத்தி ஜெனரேட்டர் எதிரே சொக்கிப் போய் நிற்பதை அவர் வேறு எங்கே பார்த்திருக்கப் போகிறார், பாவம்.

அவருக்கு விளக்கம் சொல்லி மாளாது. உங்களிடம் சொல்லலாம். டீசல் புகை மூக்கில் ஏறினால் எனக்கு ஆற்றுத் தண்ணீர் ஞாபகம் வரும்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. திருவள்ளூர் பக்கம் காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கார்களுக்கு ஒயர் கட்டித் தருகிற கம்பெனி ஒன்றில் வேலை. நீளமான பலகையில் வரிசையாக ஆணி அடித்திருக்கும். அவற்றின் ஊடே சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக ஒயர்களை ஓட்டி, டேப் சுற்றி, அடுத்த ஆளிடம் தள்ள வேண்டும். ஒரு செட்டுக்கு இத்தனை நிமிஷம் என்று கணக்கு. அந்தக் கணக்கைக் காப்பதற்காகவே அவதாரம் எடுத்தவர் எங்கள் சூப்பர்வைசர் தனசேகர். அவர் மனைவி கழுத்தில் தாலி இருந்ததோ இல்லையோ, அவர் கழுத்தில் எப்போதும் ஸ்டாப்வாட்ச் தொங்கியது. பாத்ரூமுக்கு நான்கு நிமிஷம். ஐந்தாவது நிமிஷம் வெளியே நின்று தொண்டையைக் கனைப்பார். உள்ளே இருக்கிறவர்களுக்கு வந்ததும் நின்றுவிடும்.

என் இடது பக்கம் எஸ்தர். வள்ளூர்க்காரி. வேலைக்காக மணவாள நகரில் எங்கள் தெருவிலேயே அத்தை வீட்டில் தங்கியிருந்தாள். அவளுக்கு வாய் சும்மா இருக்காது. ஒயரைக் கட்டும்போது ஏதாவது ஒரு கீர்த்தனையை முனகிக்கொண்டே இருப்பாள். 'வேலை நேரத்தில் முனகியதற்காக' என்று எழுதி தனசேகர் அவளுக்கு ஒரு மெமோ கொடுத்தார். அதை மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டு, பாட்டுக்காகப் பாடுபட்ட பரிசுத்தவான்களில் தானும் சேர்ந்தாயிற்று என்றாள்.

வலது பக்கம் தேவகி. நெல் போடுகிற வீட்டுப் பெண். சொந்த நிலம், சொந்தக் கிணறு, சொந்த மாடு எல்லாம் இருந்தும், தம்பியின் காலேஜ் ஃபீஸுக்காக ஒயர் கட்ட வந்தவள். அதிகம் பேச மாட்டாள். அந்தச் சித்திரையில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. வைகாசியில் முகூர்த்தம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், கல்யாணத்துக்கு இன்னா வேணும் கேளு, நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வாங்கித் தர்றோம் என்று எஸ்தர் பெரிய மனதோடு கேட்டாள். குக்கர் கேட்பாள் என்று நான் நினைத்தேன்.

"ஒரே ஒரு வாட்டி தண்ணில எறங்கணும்டி" என்றாள் தேவகி. "எட்டு வருஷம் ஆச்சு. வயசுக்கு வந்த அன்னிக்கு, இனிமே கெணத்துப் பக்கம் போவாதன்ட்டாரு நைனா."

சின்ன வயதில் மேட்டிலிருந்து கிணற்றில் குதித்து அடிமண்ணை அள்ளிக்கொண்டு வருவாளாம். இதைக் கேட்டதும், எனக்கும் நன்றாக நீச்சல் தெரியும் என்று நான் ஏன் சொன்னேனோ தெரியவில்லை. மணவாள நகரில் எங்கள் தெருவில் இருந்த ஒரே நீர்நிலை, லாரித் தண்ணீர் ஊற்றுகிற கறுப்புத் தொட்டி. அதில் யாரும் நீந்தியதாக வரலாறு இல்லை.

எஸ்தருக்கு உண்மையாகவே நீச்சல் தெரியும். எண்ணூர் பக்கத்துக் கழிமுகத்தில் இறால் பிடிக்கும் அப்பாவோடு இடுப்பளவுத் தண்ணீரில் வளர்ந்தவள். ஆகவே திட்டம் போடும் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். கொசஸ்தலை ஆற்றில், பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில், ஒரு தடுப்பணை. முந்தின வருஷம் மழை நன்றாகப் பெய்திருந்ததால் சித்திரையிலும் தண்ணீர் தேங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை போவது. வீட்டில் என்ன சொல்வது? ஓ.டி. என்று சொல்வது. ஓவர்டைம் என்ற அந்த இரண்டெழுத்துக்கு அப்போது இருந்த மரியாதையை இப்போது நினைத்தாலும் பிரமிப்பாக இருக்கிறது. கோயிலுக்கு என்றால்கூட யாரோடு, எதற்கு என்று பத்துக் கேள்வி வரும். ஓ.டி. என்றால் அம்மா விடியற்காலையில் எழுந்து எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கொடுப்பாள். அந்த டிபன் பாக்ஸின் சூடு மடியில் படும்போது மட்டும் கொஞ்சம் குற்ற உணர்ச்சி வந்தது. பஸ் ஏறினதும் போய்விட்டது.

பையின் அடியில் நைட்டி, மேலே கம்பெனி யூனிஃபார்ம் கோட்டு. பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. வழியில் பனையடியில் நுங்கு சீவிக்கொண்டிருந்தவரிடம் ஆளுக்கு நான்கு நுங்கு வாங்கி, அங்கேயே நின்று கட்டைவிரலால் குத்தி உறிஞ்சினோம். தடுப்பணைக்கு மேலே, நாணல் மறைவாக வளர்ந்திருந்த ஒரு வளைவை எஸ்தர் கண்டுபிடித்தாள். துணியைப் புதரில் போட்டுவிட்டு நைட்டியோடு இறங்கினோம். நைட்டி நீச்சலுக்கு ஏற்ற உடை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தண்ணீரில் கால் வைத்ததும் அது காற்றடைத்துக் குடை மாதிரி விரிந்து கழுத்துவரை ஏறும். எஸ்தர் முடிச்சுப் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

என் வேஷம் அரை நிமிஷத்தில் கலைந்தது. தண்ணீர் மார்புக்கு வந்ததும் நான் எஸ்தரின் பின்னலைப் பிடித்துக்கொண்டு அலறினேன். அவள் என்னை இழுத்துக் கரையில் போட்டுவிட்டு, யாரோ விட்டுப்போன ஒரு காலி பிளாஸ்டிக் கேனைத் தேடிக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அன்று முழுதும் அதைக் குழந்தை மாதிரி கட்டிக்கொண்டு ஓரத்தில் மிதந்தேன். அதுவே எனக்குப் பெரிய சாகசம்.

தேவகி மட்டும் உடனே இறங்கவில்லை. கணுக்காலளவுத் தண்ணீரில் ரொம்ப நேரம் நின்றாள். பிறகு சத்தமே இல்லாமல் உள்ளே போனாள். தலை மறைந்தது. நான் எண்ண ஆரம்பித்தேன். முப்பது தாண்டியதும் எஸ்தரைப் பார்த்தேன். எஸ்தரின் முகமும் மாறியிருந்தது. அவள் பாய்வதற்குள், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து வெகு தூரத்தில், எதிர்க்கரையோரம் ஒரு தலை எழும்பியது. கையைத் தூக்கிக் காட்டினாள். கையில் சேறு. அடிமண்.

அதற்கப்புறம் அவளைத் தண்ணீரிலிருந்து எடுக்க முடியவில்லை. எலுமிச்சம்பழச் சாதத்தைக்கூடக் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றபடிதான் சாப்பிட்டாள். மணி மூன்று என்றோம், நான்கு என்றோம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மல்லாந்து மிதந்துகொண்டே இருந்தாள். அவள் காதெல்லாம் தண்ணீருக்குள் இருந்ததால் நாங்கள் திட்டியது எதுவும் கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு எருமைகள் வந்தன. ஏழெட்டு இருக்கும். அவற்றுக்கும் அந்த நாணல் மறைவுதான் வழக்கமான இடம் போலிருக்கிறது. புதரைத் தாண்டி எங்கள் துணிகள் மேல் நிதானமாக நடந்து, ஒன்று அதன் மேலேயே சாணியும் போட்டுவிட்டு இறங்கியது. சுடிதார், கோட்டு, துண்டு எல்லாம் போயிற்று. அள்ளி அலசினோம். பனைமர நிழல் நீண்டுவிட்டது. பிழியப் பிழியச் சொட்டுகிறது. ஓ.டி. முடிந்து ஈரத்துணியோடு எந்தப் பெண் வீட்டுக்குப் போவாள்? என் அண்ணன் ஒரு வார்த்தை சந்தேகப்பட்டால் போதும், மறுநாளிலிருந்து வேலை கிடையாது. தேவகிக்கு இன்னும் மோசம். கல்யாணமே நிற்கும்.

அப்போதுதான் தூரத்தில், "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சத்தம் கேட்டது. பக்கத்து ஊரில் திரௌபதி அம்மன் தீமிதித் திருவிழா. அன்றைக்குப் பாட்டுக் கச்சேரி. கச்சேரி என்றால் ஜெனரேட்டர் இருக்கும், ஜெனரேட்டர் என்றால் சூடான காற்று வரும் என்றாள் எஸ்தர். மூன்று பேரும் ஈர நைட்டியின் மேல் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு நடந்தோம். எங்கள் பக்கத்தில் அது தேசிய உடை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மேடைக்குப் பின்னால், வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நின்றிருந்தது ஜெனரேட்டர். அதன் காற்றுக்கு நேராகக் கோட்டுகளையும் சுடிதார்களையும் விரித்துப் பிடித்தோம். நாங்களும் திரும்பித் திரும்பி நின்று, முன்பக்கம் பின்பக்கம் என்று நைட்டியைக் காயவைத்தோம். பாதி காய்ந்திருக்கும். வைக்கோல் போருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ உப்புத் தண்ணீரில் தொண்டையைக் கொப்பளிக்கும் சத்தம். கொப்பளித்துவிட்டுக் கனைத்தது அந்தத் தொண்டை. அந்தக் கனைப்பை நாங்கள் பாத்ரூமுக்குள்ளிருந்து எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்.

கச்சேரியில் பாடுகிறவர்கள் போடுகிற, வெள்ளி ஜரிகை மின்னுகிற சட்டை. முகத்தில் பவுடர். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் இல்லை. அந்தக் கனைப்பு மட்டும் இல்லையென்றால் அடையாளமே தெரிந்திருக்காது. தனசேகர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரைப் பார்த்தோம். அம்மாவுக்கு சீரியஸ், ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று அவர் முந்தின நாள் மேனேஜரிடம் ஞாயிற்றுக்கிழமை ஓ.டி.க்கு லீவு கேட்டது எங்கள் காது பட நடந்தது. அந்த வருஷத்தில் அந்த அம்மாவுக்கு அது மூன்றாவது சீரியஸ்.

"அம்மா எப்டி கீறாங்க சார்?" என்று எஸ்தர் கேட்டாள்.

தனசேகர் கம்பெனி பெயர் போட்ட கோட்டையும், எங்கள் தலையையும், நைட்டி நுனியில் சொட்டுகிற தண்ணீரையும் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த கோட்டை வாங்கி, ஜெனரேட்டரின் மறுபக்கம் கொண்டுபோய்ப் பிடித்தார்.

"இந்தப் பக்கம் புடி. இங்கதான் சூடு ஜாஸ்தி."

அதோடு முடிந்திருந்தால் நல்லது. பீடி பற்றவைக்க மறைவு தேடி ஒரு பெரியவர் வந்தார். தேவகியைப் பார்த்ததும் தீக்குச்சி அப்படியே நின்றது. மாப்பிள்ளையின் சித்தப்பா. பெண்டாட்டி ஊர்த் திருவிழாவுக்கு வந்திருக்கிறார். "நீ நம்ம தேவகி தான?" என்றார். தேவகிக்கு உதடு வெளுத்துவிட்டது. என் கை அவள் கையைப் பிடித்தது.

"நம்ம கம்பெனி பொண்ணுங்கண்ணா" என்றார் தனசேகர், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு. "சாமி பாட்டுக்குக் கோரஸ் பாட இட்டுகினு வந்தேன். இதுவும் ஓ.டி. கணக்குதான்."

"தலை இன்னாத்துக்கு ஈரமா கீது?"

"சாமி பாட்டு பாடறதுக்குத் தலைக்குக் குளிக்காம மேடை ஏறலாமாண்ணா?" என்றாள் எங்கள் எஸ்தர், ஞாயிறு ஆராதனையைத் தவறவிட்டு வந்தவள்.

பெரியவர் பீடியைக் காதில் செருகிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆனால் நகரவில்லை. முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். அப்புறம் வேறு வழி? அரைகுறையாகக் காய்ந்த சுடிதாரை வைக்கோல் போருக்குப் பின்னால் மாற்றிக்கொண்டு, கோட்டுப் பட்டனைக் கழுத்துவரை போட்டு, டீசல் நாற்றத்தோடு மேடை ஏறினோம். பல்லவியின் கடைசி வரியைத் திரும்பப் பாடுவதுதான் எங்கள் வேலை. எஸ்தர் அம்மனை அத்தனை உரிமையோடு கூப்பிட்டாள். நான் சுமாராகக் கத்தினேன். தேவகி பயத்தில் உதட்டை மட்டும் அசைத்தாள்.

தனசேகரைத்தான் சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அந்தக் குரலை அவர் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று தெரியவில்லை. நான்கு நிமிஷப் பாட்டை ஒன்பது நிமிஷம் பாடினார். யாரும் கனைக்கவில்லை.

எட்டு மணிக்கு வீடு. அம்மா என்னை முகர்ந்து பார்த்து, மெஷின் பக்கம் வுட்டாங்களா, இப்டி டீசல் நாறுது என்று வருத்தப்பட்டாள். ஆமாம் என்றேன்.

திங்கட்கிழமை எங்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஸ்டாப்வாட்ச் கழுத்தில் தொங்க, தனசேகர் வழக்கம்போல வந்தார். எஸ்தரின் பின்னால் நின்று, ஒயரைப் பார்த்தபடியே, "ரெண்டாவது சரணத்துல அவசரப்பட்டு ஏறிட்ட" என்று சொல்லிவிட்டுப் போனார். பாத்ரூமுக்கு அதே நான்கு நிமிஷம்தான். அதில் சலுகை எதுவும் இல்லை.

புதன்கிழமை தேவகியின் அப்பா டி.வி.எஸ். வண்டியில் கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டார். சித்தப்பா சொல்லி விஷயம் அவர் காதுக்கு எட்டியிருக்கிறது. செக்யூரிட்டி அண்ணன் சொல்லித்தான் நடந்தது எங்களுக்குத் தெரியும். எங்க பொண்ணு மேடையில பாடிச்சாமே, நெசமா என்று கேட்டாராம். தனசேகர் யோசித்துவிட்டு, "பாடல நைனா. வாய மட்டும் அசைச்சிச்சு" என்றாராம். அப்பா ரொம்ப நேரம் அவரையே பார்த்துவிட்டு, அப்ப சரி என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். வைகாசியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நாங்கள் குக்கர்தான் வாங்கிக் கொடுத்தோம்.

அந்தக் கம்பெனி பிறகு கும்மிடிப்பூண்டிக்குப் போய்விட்டது. எஸ்தரும் அதோடு போனாள். அங்கே ஹாஸ்டலில் இருந்தவரை பேசிக்கொண்டிருந்தாள். அப்புறம் நம்பர் மாறிவிட்டது. இப்போது அந்த நம்பருக்குப் போட்டால் ஒருவர் இந்தியில் எடுக்கிறார், நல்ல மனிதர், ஒவ்வொரு தடவையும் பொறுமையாக இல்லை என்கிறார். தனசேகரைப் போன வருஷம் திருவள்ளூர் டீக்கடை ஒன்றில் பார்த்தேன். திருவிழாவுக்கெல்லாம் இப்போது டி.ஜே. பாக்ஸ்தானாம், பாடகரை யாரும் கூப்பிடுவதில்லை. "போன்ல பாடிப் போடறேம்மா. எட்டு பேர் கேக்கறாங்க" என்றார். தடுப்பணை ஒரு வெள்ளத்தில் பிளந்துவிட்டது. தண்ணீர் நிற்பதில்லை. ஓ.டி. பொய்யும் செத்துவிட்டது. இப்போது கம்பெனிகளில் கேமராவுக்கு முகத்தைக் காட்டினால்தான் கேட் திறக்கும், வீட்டுக்கு மெசேஜும் போய்விடும்.

போன வாரம் கரண்ட் வந்து ஜெனரேட்டர் நின்றதும் தேவகிக்குப் போன் செய்தேன். ஊத்துக்கோட்டைப் பக்கம் இருக்கிறாள். இந்தக் கோடையில் எங்கேயாவது தண்ணீரில் இறங்கலாமா என்று கேட்டேன். எங்கடி போறது என்றாள். ஒவ்வொரு இடமாகச் சொல்லிப் பார்த்தோம். ஏரியில் பிளாட் போட்டுவிட்டார்கள், கால்வாயில் குளிக்கக் கூடாது என்று போர்டு வைத்துவிட்டார்கள். கடைசியில் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னாள். காற்றடிக்கிற நீலத் தொட்டி ஒன்றைப் பிள்ளைகளுக்கென்று ஆன்லைனில் வாங்கி மொட்டைமாடியில் வைத்திருக்கிறாளாம்.

"அதுங்க டியூஷன் போனதும் நான்தான் படுத்துக்கினு கீறேன். தண்ணி கொஞ்சம்தான். ஆனா மல்லாந்தா காது முழுவுது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரட்டுமா என்று கேட்டேன்.

"வா" என்றாள். "ஆனா அதுல ஒரு ஆளுதான்டி படுக்க முடியும்."